மூக்கு இல்லாத கதைகள்

2021ஆம் வருஷம் மே மாதத்தில் எனக்கு மூக்கு போய்விட்டது. முகத்தில் அது இருந்த இடத்தில்தான் இருந்தது. மூச்சும் ஏதோ வந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாசனை என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்பதே மறந்துபோகும்படி ஆயிற்று. கொரோனா கண்டவர்களில் அநேகருக்கு நேர்ந்த விஷயம்தான். காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூக்கு ஏழு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

காலையில் என் மனைவி அறை வாசலில் ஸ்டூலின் மேல் காப்பியை வைத்துவிட்டுப் போவாள். டம்ளரின் சூடு கைக்குத் தெரியும். கசப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும். காப்பி மட்டும் இருக்காது. நாக்கு எவ்வளவு ஏழை என்று அப்போதுதான் புரிந்தது. உப்பு, புளிப்பு, காரம் என்று நாலைந்து காசை வைத்துக்கொண்டு அது காலம் தள்ளுகிறது. மற்றச் செலவெல்லாம் மூக்கினுடையது. ரசமா சாம்பாரா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மாடி அறையில் தனியாகக் கிடந்த அந்த நாட்களில் அலமாரியில் இருந்த தமிழ் நாவல்களையும் கதைத் தொகுதிகளையும் மறுபடி எடுத்துப் படித்தேன். முப்பது புஸ்தகங்களுக்குக் குறையாது. பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன். பத்தாவது புஸ்தகத்தில் எனக்கு ஒரு விபரீதமான யோசனை தோன்றியது. மூக்கு இல்லாத ஒருவன் இந்தக் கதைகளைப் படிக்கும்போது எதையாவது இழக்கிறானா? கண் தெரியாதவனுக்குச் சித்திரம் நஷ்டம். காது கேளாதவனுக்குக் கச்சேரி நஷ்டம். என்னைப் போன்றவனுக்கு நம் கதைகளில் என்ன நஷ்டம்?

ஒன்றும் இல்லை என்பதுதான் நான் கண்டது. மல்லிகைப் பூ, காப்பி, சந்தனம், முதல் மழையின் மண் வாசனை, குழந்தையின் உச்சந்தலை, பழைய புஸ்தகத்தின் தாள். இந்த ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டு நாம் எழுபது எண்பது வருஷமாக எழுதி வந்திருக்கிறோம். 'நாம்' என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் எழுத்தாளர்களின் கண் கூர்மையானது. தி. ஜானகிராமனைப் போலக் காது படைத்தவர்கள் உண்டு. மூக்கு மட்டும் ஏதோ பூஜை அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது போல இருக்கிறது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவினால் வகுத்தபோது மூன்றாவது அறிவாக வைத்தது மூக்கறிவை. உதாரணத்துக்கு அவர் காட்டியது எறும்பையும் கறையானையும். எறும்புக்குக் கொடுத்ததை நாவலாசிரியனுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கமாட்டார். நாம்தான் எங்கோ தொலைத்துவிட்டோம்.

வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம்தான். கண்ணனின் வாயில் கர்ப்பூரம் மணக்குமா என்று ஆண்டாள் சங்கிடம் விசாரித்தபோது பயன்படுத்திய வினை 'நாறுதல்'. இன்று அந்த வார்த்தையை எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொன்னால் கைகலப்பில் முடியும். நல்லதும் கெட்டதுமாக எல்லா வாசனைக்கும் பொதுவாக இருந்த சொல்லைச் சேரிக்கு அனுப்பிவிட்டு, வாசனை, மணம், நறுமணம், சுகந்தம் என்று புதிதாகக் குடித்தனம் வைத்தோம். ஆனால் பேச்சுத் தமிழ் அவ்வளவு சோனி அல்ல. கவிச்சி, நெடி, வீச்சம், முடை, வாடை, ஊசல், சிக்கு, புழுக்கம் என்று அதில் கிடக்கும் சொற்களைக் கணக்கெடுத்தால், இங்கே மூக்கு நன்றாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பது தெரியும். அந்தச் சொற்கள் பேனாவுக்கு ஏறுவதில்லை.

நம் கதைகளில் வரும் வியாதிகளிலும் இதே கதைதான். க்ஷயரோகத்துக்கு நம் தொடர்கதைகளில் கிடைத்த மரியாதை வேறு எந்த நோய்க்கும் கிடைக்கவில்லை. கதாநாயகி இருமுவாள், கைக்குட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி, ஜன்னல் வழியே நிலா. பிறகு இருதய நோய் வந்தது, மூளையில் கட்டி வந்தது, ஞாபகம் போகிற வியாதி வந்தது. எல்லாம் சுத்தமான வியாதிகள். 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படம் முழுக்க முழுக்க ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. நல்ல படம், நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் பினாயில் நெடி இல்லாத ஆஸ்பத்திரியை அந்தத் திரையில்தான் பார்க்க முடியும். திரைக்கு மூக்கைத் தொடும் வழி கிடையாது என்று அதற்குச் சமாதானம் சொல்லிவிடலாம். எழுத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. எழுத்தால் எதையும் நேராகக் காட்ட முடியாது, கேட்கச் செய்யவும் முடியாது. ஐம்புலன்களில் எதற்கும் அதனிடம் சலுகை இல்லை.

நிஜமான க்ஷயம் என்ன செய்யும் என்பதைத் தமிழ் எழுத்தாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்தான். புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் அந்த நோயில்தான் போனார், வயது 42. அந்த வருஷங்களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் அது கைக்கு எட்டுகிற மருந்தாக இருந்தது கொஞ்சம் பேருக்குத்தான். அவ்வளவும் தெரிந்திருந்தும், கோழைக் கிண்ணமும் படுக்கைப் புண்ணும் கதைக்குள் வரவில்லை. கைக்குட்டைதான் வந்தது.

வாந்திபேதி அப்படியும் வரவில்லை. நம் கிராமங்களைப் பாதி பாதியாகக் காலி செய்த நோய் அது. பாட்டிமார்களின் பேச்சில் அதற்குப் பெயர் சொல்லக்கூடப் பயம். இருந்தாலும் எந்தக் கதாநாயகியும் வாந்திபேதியில் சாகமாட்டாள். அந்தச் சாவை மங்கலான வெளிச்சத்தில் வைக்க முடியாது. யாராவது படுக்கையை அலச வேண்டும்.

யார் அலசுவது என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால் ஒரு சொந்தக் கதை.

கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்த புதிதில், திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். ஆறு குடித்தனம். ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், ஒரு பக்கம் வாலாஜா பெரிய மசூதி, நடுவில் மேன்ஷன்கள், மெஸ்கள். அந்தப் பேட்டையில் நடந்தால் பத்தடிக்கு ஒரு தேசம் மாறும். துளசி, அத்தர், வறுத்த காப்பிக்கொட்டை, மீன் குழம்பு, சாக்கடை, மறுபடி துளசி. அந்தப் பின்கட்டிலும் அப்படித்தான். காலை ஏழு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு முற்றத்தைக் கடந்தால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று பெருங்காயமும் பட்டையும் தேங்காய் எண்ணெயும் சொல்லிவிடும்.

ஒரு கோடை காலத்தில் மாடிப்படிக்குக் கீழே பொறுக்க முடியாத வாடை எழுந்தது. வீட்டுக்கார அம்மாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதவுக்கு எதிரே நின்று, "உள்ளே கருவாட்டை வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா ஆச்சா? நாலு பேர் இருக்கிற இடம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பெண் வெளியே வந்து, "அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நாங்க மீனே எடுக்கலை" என்றாள். யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து செத்த பெருச்சாளியை எடுத்தார்கள். இரண்டாம் மாதம் அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிற்று. அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மூக்கு தீர்ப்புச் சொல்ல விரும்பும் புலன். கண் தப்பாகப் பார்த்தால் மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மூக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. முகர்ந்தவுடனே முகம் சுளித்துவிடுகிறது. சுளித்த முகத்தைப் பிறகு நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இன்றைக்கும் "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்கும்போது அவர்கள் கேட்பது சாப்பாட்டைப் பற்றி அல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

இந்தத் தப்பு நம்முடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்களே பல நூற்றாண்டுகள் இதில் விழுந்து கிடந்தார்கள். கெட்ட காற்று, அதாவது துர்நாற்றம், நோயைக் கொண்டுவருகிறது என்பது அவர்கள் சாஸ்திரம். 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜான் ஸ்நோ என்ற டாக்டர் ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டி, நோய் காற்றில் வரவில்லை, குடிக்கிற தண்ணீரில் வருகிறது என்றார். லேசில் நம்பவில்லை. 1884இல் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவுக்கு வந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் விவாதம் கொஞ்ச காலம் நடந்தது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கிற, எந்த வாடையும் இல்லாத தண்ணீர் ஒரு தெருவையே கொண்டுபோக முடியும் என்பதை ஒப்புக்கொள்ள மனித மூக்குக்கு மனம் வரவில்லை.

சாஸ்திரம் செத்துவிட்டது, ஆசாரம் பிழைத்துக்கொண்டது. நாற்றத்தை அப்புறப்படுத்துகிறவனையே நோயாக நினைத்து ஒதுக்குகிற வழக்கத்துக்கு எந்த டாக்டரின் சான்றும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த புஸ்தகத்துக்கு வருகிறேன். அந்த ஏழு வாரத்தில் நான் படித்தவற்றில், மூக்கு இல்லையே என்று என்னைத் தவிக்கவைத்தது, அல்லது மூக்கு இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று என்னை வெட்கமில்லாமல் நினைக்கவைத்தது, ஒரே ஒரு நாவல். அது தமிழில் எழுதப்பட்டதல்ல. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1947இல் எழுதி, சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த 'தோட்டியின் மகன்'.

மலையாள நாவல் என்று சொன்னேன். ஆனால் அதன் மனிதர்கள் நம்மவர்கள். ஆலப்புழை நகரத்தின் மலத்தை அள்ளுவதற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பங்கள். தாத்தா இசக்கிமுத்து, மகன் சுடலைமுத்து. இசக்கியும் சுடலைமாடனும் எந்த ஊர்த் தெய்வங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. கேரளத்தின் நகரம் ஒன்று சுத்தமாக இருப்பதற்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதத் தமிழில் ஆள் இல்லை. தகழி என்ற கிராமத்தில் பிறந்து, அம்பலப்புழையில் வக்கீலாக இருந்த ஒரு மலையாளிதான் எழுதினார்.

சுடலைமுத்துவுக்கு ஒரே லட்சியம். தன் மகன் தோட்டியாகக் கூடாது. அவ்வளவுதான் நாவல். அதற்காக அவன் காசு சேர்க்கிறான். கூடப் பிழைக்கிறவர்கள் சங்கம் அமைக்கப் பார்க்கும்போது அதை உள்ளிருந்தே உடைக்கிறான். மேலே இருப்பவர்களை நம்பிப் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறான். பிள்ளைக்கு மோகன் என்று பெயர் வைக்கிறான். இந்தப் பெயர் விஷயத்தில் தகழியின் கலை எனக்கு மிகவும் பிடித்தது. இசக்கி, சுடலை என்று வந்த வரிசையில் மோகன் என்ற பெயர் ஊராரின் காதில் எப்படி விழும்! தோட்டியின் பிள்ளைக்கு அந்தப் பெயரா என்று அவர்கள் கேட்கிறார்கள். தெய்வத்தின் பெயரையே மாற்றிப் பார்க்கிற தகப்பன் அவன். ஆனால் அவனுடைய சொந்தப் பெயர் அவனை விடவில்லை. தோட்டி வேலையிலிருந்து தப்பி அவன் போய்ச் சேர்கிற வேலை சுடுகாட்டுக் காவல். சுடலைமுத்து சுடலைக்கே போய்விடுகிறான். தகழி இதை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. மலையாள வாசகர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ! தமிழில் படிக்கிற நமக்கு அது பளிச்சென்று படுகிறது.

இந்தத் தகப்பனின் பாசம் மூக்கின் வழியாக நடக்கிறது. இதை நான் வேறு எந்த நாவலிலும் பார்த்ததில்லை. நம் கதைகளில் அப்பா குழந்தையை உச்சி முகர்வார். உச்சி முகர்தல் என்ற சொல்லிலேயே மூக்கு இருக்கிறது. பாசத்துக்கு அதுதான் நமக்கு முத்திரை. சுடலைமுத்துவுக்கு அந்த உரிமை கிடையாது. தன் தொழிலின் வாடை பிள்ளைமேல் படிந்துவிடுமோ என்பதே அவனுடைய ஓயாத பயம். தூர நிற்பதுதான் அவனுக்குத் தெரிந்த கொஞ்சல். அவன் வெறும் கஞ்சன், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன் என்று நாம் கோபப்படுகிற இடத்திலெல்லாம் இந்த ஒரு விஷயம் குறுக்கே வந்து நம் வாயை அடைக்கிறது. ஒரு பாத்திரத்தை வெறுக்கவும் விடாமல் போற்றவும் விடாமல் வைத்திருப்பது லேசான காரியம் அல்ல. தகழி அதை வர்ணனையால் செய்யவில்லை, ஒரு மனிதனின் நடத்தையால் செய்கிறார். மலக் கிடங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக அவர் எழுதியிருந்தால் நாம் இரண்டாவது பக்கத்தில் பழகிப்போயிருப்போம். மூக்கின் சுபாவமே அது. பத்து நிமிஷத்தில் எந்த வாடையும் மரத்துப்போகும். பிள்ளையைத் தொடத் தயங்குகிற கை மரத்துப்போவதில்லை.

கடைசியில் அவனைக் கொண்டுபோவது வாந்திபேதி. மனைவி வள்ளியும் அதில்தான் போகிறாள். நம் கதாநாயகிகளுக்கு மறுக்கப்பட்ட அந்த அசுத்தமான வியாதியைத் தகழி மறைக்காமல் கொண்டுவந்து வைக்கிறார். ஊரின் கழிவை ஆயுள் முழுவதும் ஊருக்கு வெளியே சுமந்து போனவன், அந்தக் கழிவு தண்ணீரில் கலப்பதால் வருகிற நோயில் சாகிறான். மோகன் தோட்டியாகிறான்.

இனி நாவலின் குறையைச் சொல்ல வேண்டும். மோகன் கையில் கதை வந்த பிறகு அந்த மூக்கு மறைந்துவிடுகிறது. இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் ரத்தமும் சதையுமான மனிதர்கள். மோகன் ஒரு கருத்து. நெருப்பு எரிகிறது, ஊர்வலம் போகிறது, கோஷம் எழுகிறது. கோஷத்துக்கு வாடை கிடையாது. அந்தக் காலத்து முற்போக்கு எழுத்தில் கடைசி அத்தியாயம் இப்படித்தான் முடிய வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருந்தது. தகழியும் அதற்கு இணங்கிவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நாவல் அந்தப் பக்கங்களில் கொஞ்சம் மேடைக்கு ஏறிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது தலைமுறைக்காரன் தன் தாத்தாவின் வாளியை எடுத்து முதல் வீட்டுக்குப் போகிற அந்தக் காலைப் பொழுதைத் தகழி இன்னும் நிதானமாக எழுதியிருந்தால், ஊர்வலமே தேவைப்பட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சங்கதியையும் யோசித்துப் பாருங்கள். இதே தகழி 1956இல் 'செம்மீன்' எழுதினார். மறு வருஷம் சாகித்ய அகாடமி பரிசு. அதைத் தமிழாக்கியவரும் இதே சுந்தர ராமசாமிதான். 1962இல் அது தமிழில் புஸ்தகமாகவே வந்துவிட்டது, 1965இல் படமாயிற்று, தமிழ் வாசகர் எல்லோருக்கும் கறுத்தம்மா தெரியும். 'தோட்டியின் மகன்' அதற்கும் முந்தியது, மொழிபெயர்ப்பும் முந்தியது. ஐம்பதுகளில் 'சரஸ்வதி' பத்திரிகையில் தொடராக வந்தது. புஸ்தகமாக வந்ததோ 2000ஆம் வருஷத்தில். செம்மீனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் பெரிய படைப்பு. ஆனால் அந்தக் கடற்கரையில் நிலா இருக்கிறது, பாட்டு இருக்கிறது, மீன் வாடையைக் கடல் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நமக்கு வேண்டியது அதுதான். திருவல்லிக்கேணி வீட்டுக்கார அம்மாள்கூடச் செம்மீனைப் படித்து அழுதிருப்பாள்.

பிற்காலத்துத் தமிழில் மூக்கு கொஞ்சம் திறந்துகொண்டது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் வந்தது. குரலே உயராத அந்த ஆசிரியர், சென்னையின் ஒரு தெருவைத் தோண்டிப் போட்டு, ஜமுனாவையும் சாயாவையும் டீச்சரம்மாவையும் குடத்தோடு நிற்கவைத்தார். ஆசாரம் பார்க்கிற வீடும் பார்க்காத வீடும் ஒரே அடிபம்பில் வந்து முட்டிக்கொள்வதை அவர் காட்டிய மாதிரி வேறு யாரும் காட்டவில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் போயிற்று. ஊர் ஒதுக்கிய சேரி; அந்தச் சேரிக்கும் துணி வெளுக்கிற ஒரு குடும்பம்; அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் ஆரோக்கியம். வேளாங்கண்ணி மாதாவின் பெயர். பிரசவத் துணியும் சாவுத் துணியும் யார் கைக்கு வந்து சேருகின்றனவோ அவளுக்குப் பெயர் ஆரோக்கியம்! மோகனுக்கு அப்பன் வைத்த பெயரைப் போலவே இதிலும் ஒரு வேண்டுதல் இருக்கிறது, பலிக்காத வேண்டுதல். இந்த நாவலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே போகிற போக்கில் சொல்லி வீணடிக்க விருப்பம் இல்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எடுப்புக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். மனித மலத்தை மனிதன் கையால் அள்ளுவது குற்றம் என்று இரண்டும் சொல்கின்றன. வாஸ்தவம். வாளி போய்விட்டது என்றால் சாக்கடைக் குழி இருக்கிறது. 1993 முதல் குழிகளில் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. நஷ்டஈட்டைக் கூட்ட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதே நண்பருக்குப் பதில்.

அந்தக் குழிகளில் இருக்கிற வாயுவைப் பற்றி ஒன்று படித்தேன். எனக்கு விஞ்ஞானம் அதிகம் வராது, ஆனால் இது மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஹைட்ரஜன் ஸல்பைடு என்று பெயர். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் முதல் வேலையாக மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டது, காற்று சரியாகிவிட்டது என்று இறங்கினவன் நினைப்பான்.

எங்கள் தெருவைச் சுத்தம் செய்ய வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. என் ஏழு வாரம் முடிகிற சமயத்தில், வாசலில் முகமூடியோடு நின்றுகொண்டிருந்தவனிடம் அவர் சௌக்கியம் விசாரித்தார். "எல்லாம் சரியாப் போச்சு அண்ணே, வாசனைதான் இன்னும் ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றேன். பரிதாபத்தை எதிர்பார்த்துச் சொன்னேன் என்றே நினைக்கிறேன். அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்து நின்று சிரித்தார். "அப்படியா ஸார்? எனக்கு அது போயி இருபது வருஷம் ஆச்சு. நான் யாருகிட்டேயும் சொன்னதில்லை" என்றார். பிறகு மூடியில்லாத டிரம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

அன்று மத்தியானம் என்னுடைய நாவல் ஒன்றை எடுத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இரண்டு பதிப்பு ஓடியது. யதார்த்தம் என்று பத்திரிகைகள் பாராட்டின. அதில் ஒரு துப்புரவுத் தொழிலாளி வருகிறான். தேடிப் பார்த்ததில் மொத்தம் மூன்று இடம். மூன்று இடத்திலும் விடியற்காலை. மூன்று இடத்திலும் விளக்குமாற்றின் சத்தம் கதாநாயகியை எழுப்புகிறது. ஒரு இடத்தில் அந்தச் சத்தத்தைத் தம்புராவின் சுருதியோடு ஒப்பிட்டிருக்கிறேன். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறாள். உள்ளே வருவது பவழமல்லி வாசனை.